மடங்கிய விரல்கள் நிமிர்ந்த சீமை

சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே அவருக்காகக் காத்திருப்பது நடவாவிக் கிணறு. வாவி என்றால் நீர்நிலை. நடந்தே இறங்கிச் செல்லக்கூடிய வாவி என்பதால் நடவாவி. படிகள் பூமிக்குள் இறங்கித் தூண்கள் சூழ்ந்த ஒரு மண்டபத்தில் போய் முடிகின்றன. பெருமாளைச் சுமப்பவர்கள் அந்தப் படிகளில் அடி பிசகாமல் இறங்க வேண்டும். முன்னால் போகிறவர் தோளில் பாரம் கூடும். பின்னால் வருகிறவர் தண்டைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். நெடுவழியில் தோள் மாற்றிக்கொள்வது எந்தச் சுமைக்காரருக்கும் வழக்கம். பாரம் ஒரே பக்கம் நெடுநேரம் அழுந்தினால் கை மரத்துப்போகும் என்பது உடம்பு கற்றுக்கொடுத்த பாடம்.

தண்டு அழுந்தும் அந்த இடத்துக்குக் கீழே, காறை எலும்புக்குப் பின்னால், கைக்குப் போகும் நரம்புகள் அத்தனையும் ஒரு பின்னலாகக் கூடிப் பிரிகின்றன. கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து நான்கு வேர்கள், மார்புப் பகுதியின் மேல்முனையிலிருந்து ஒன்று, ஆக ஐந்து வேர்கள். அவை சேர்ந்தும் கிளைத்தும் மறுபடி சேர்ந்தும் கடைசியில் சில பெரிய நரம்புகளாகிக் கைக்குள் இறங்குகின்றன. கனமான மூட்டையை நாள்கணக்கில் முதுகில் சுமந்து நடந்த படைவீரர்களுக்குத் தோள் துவண்டுபோன சம்பவங்களை ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெசவுக்குப் பெயர்போன காஞ்சியில் ஒரு பின்னலின் அருமையை விளக்க வேண்டியதில்லை. எங்கே இழை அறுந்தாலும் அதன் தடம் கீழே எங்கோ தெரியும்.

ஐயங்கார்குளத்தின் இன்னொரு அடையாளம் சஞ்சீவிராயர் கோயில். விஜயநகர அரசர் வேங்கடபதிராயர் காலத்தில் செல்வாக்கோடு இருந்த லட்சுமிகுமார தாதாசாரியார் எடுப்பித்தது. ஊருக்குப் பெயர் தந்த பெரிய குளத்தை வெட்டியவரும் அவரே. சஞ்சீவிராயர் என்பது மருந்து மலையைக் கையில் ஏந்தி வந்த அனுமனின் திருநாமம். அந்தக் கோயில் எழுந்து ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து, அதே சீமையில், மனிதக் கையின் நரம்புகளைப் பற்றி உலக மருத்துவம் அதுவரை அறியாத ஒன்று தெரியவந்தது. ஐயங்கார்குளம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997இல்தான். செங்கல்பட்டு அதிலிருந்து தனியே பிரிந்தது 2019இல். இந்தக் கதை நடந்த நாளில் எல்லாம் ஒரே மாவட்டம்.

கதைக்குள் போகுமுன் கையின் வழியே ஒருமுறை மேலிருந்து கீழே இறங்கிப் பார்த்துவிடுவது நல்லது. கைநரம்புகளுக்கு வரும் கேடுகள் பெரும்பாலும் இட விசேஷத்தால் வருபவை. நரம்பு எங்கே எலும்பை ஒட்டிப் போகிறதோ, எங்கே தோலுக்கு அருகே வருகிறதோ, எங்கே குறுகலான சந்துக்குள் நுழைகிறதோ, அங்கெல்லாம் அதற்கு ஆபத்து.

முதல் இடம் தோள். பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கி, தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் பின்னலின் மேல்வேர்கள் நைந்துபோகும். அந்தக் குழந்தையின் கை உடம்போடு ஒட்டி, முதுகுப்பக்கம் திரும்பிய உள்ளங்கையோடு, யாருக்கும் தெரியாமல் பின்னாலிருந்து எதையோ வாங்குவதுபோலத் தொங்கும். இன்று இதே பின்னலை நாசமாக்கும் பெரிய காரணம் இருசக்கர வாகனம். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் தலையும் தோளும் எதிரெதிர்ப் பக்கம் போகும்படி விழுந்தால், வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்துவிடுவதுண்டு. தலைக்கவசம் உயிரைக் காத்த பிறகும் கை விளங்காமல் போகும் இளைஞர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். தோள்மூட்டு நழுவினால் கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசைக்குப் போகும் நரம்பு அடிபடும். ஊன்றுகோலின் மேல்முனையில் உடல் பாரத்தையெல்லாம் இறக்கினால் அக்குளில் நரம்பு நசுங்கும்.

அடுத்து மேற்கை. ரேடியல் நரம்பு இங்கே எலும்பின் பின்புறத்தைக் கொடிபோலச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் நரம்பும் சேர்ந்து அடிபடும். அப்போது மணிக்கட்டு நிமிராது. கை கூம்பிய பூப்போலத் தொங்கும். நாற்காலி முதுகின் மேல் கையைப் போட்டபடி போதையில் அயர்ந்து தூங்கியவர் விடிந்ததும் இதே தொங்கும் கையோடு எழுவதுண்டு. அது வெறும் அழுத்தம் என்பதால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். தோள்தசைக்குப் போட வேண்டிய ஊசியைச் சற்றுக் கீழே இறக்கிப் போட்டுவிட்டாலும் இதே நரம்புதான் பாதிக்கப்படும்.

முழங்கையில் இரண்டு ஆபத்துகள். மரத்திலிருந்து கையூன்றி விழும் பிள்ளைகளுக்கு முட்டிக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அப்போது முன்புறம் ஓடும் மீடியன் நரம்பும் பக்கத்திலுள்ள ரத்தக்குழாயும் அபாயத்தில் இருக்கும். முறிவின் மேல் இறுக்கமாகக் கட்டிவிட்டு, விரல் வீங்கி வலியில் துடிக்கும் குழந்தையை 'எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்' என்று அடக்கி வைத்தால், முன்கைத் தசைகள் ரத்தமின்றிச் செத்து, கை நிரந்தரமாகச் சுருங்கிப்போகும்.

இரண்டாவது ஆபத்து முட்டியின் உட்புறம். கதவுமுனையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று ஓடுகிறதே, அந்த இடம். அங்கே எலும்புமேட்டின் பின்னால் ஒரு பள்ளத்தில், தோலுக்கு நேர் கீழே, அல்னார் நரம்பு போகிறது. சிறுவயதில் முட்டி முறிந்து கோணலாகக் கூடிய சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து இந்த நரம்பு மெல்ல நைந்து சுண்டுவிரல் மரத்துப்போவதுண்டு.

கடைசி இடம் மணிக்கட்டு. மீடியன் நரம்பு ஒன்பது தசைநாண்களோடு ஒரு குறுகலான குகைவழிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அங்கே இடம் சுருங்கினால் நள்ளிரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எரிந்து மரத்து ஆளை எழுப்பிவிடும். கையை உதறினால் சற்றுத் தணியும். கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், மணிக்கட்டுக்கு ஓயாத வேலை கொடுப்பவர்களுக்கும் இது அதிகம். கண்ணாடி கிழித்தாலும் அரிவாள் பட்டாலும் முதலில் அறுபடுவதும் இங்கேதான்.

அறுபட்ட நரம்பு மறுபடி வளரும். ஆனால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். முட்டியில் அறுந்த நரம்பைத் தைத்தால் புது இழைகள் உள்ளங்கையை எட்ட ஓர் ஆண்டு போல ஆகும். அதற்குள் காத்திருக்கும் தசைகள் சுருங்கிவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தும் பயனில்லை. நரம்பு வைத்தியத்தில் காலத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

இவ்வளவு காயங்களுக்கும் ஒரு விபத்தோ கத்தியோ கட்டோ காரணமாக நிற்கிறது. ஆனால் 1940களில் இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான கைகள் அடியோ முறிவோ இல்லாமலே செயலிழந்துகொண்டிருந்தன. காரணம் தொழுநோய். ஊர்வழக்கில் பெருநோய், பெருவியாதி. விரல்கள் கழுகின் நகம்போல் மடங்கும். பிறகு நுனி தேயும், குறையும், காணாமல் போகும். நோய் சதையைத் தின்கிறது என்று ஊரார் நம்பினார்கள். மருத்துவர்களிலும் பலர் அப்படியே நம்பினார்கள். ஆகவே மடங்கிய விரலை நிமிர்த்த யாரும் கத்தியை எடுக்கவில்லை. அழுகும் சதையில் போட்ட தையல் ஆறாது என்பது அவர்கள் முடிவு. நார்வேயின் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டு முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தும், நோயாளியின் கை எப்படிப் பாழாகிறது என்ற கேள்விக்கு விடை இல்லை.

செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் 1920களில் தொடங்கப்பட்ட தொழுநோய் இல்லம் ஒன்று இருந்தது. சென்னை ஆளுநராயிருந்த வில்லிங்டனின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் இல்லம் என்று அழைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து மிஷன் நடத்திவந்த அந்த இல்லத்துக்கு 1930களில் பொறுப்பேற்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அன்று கையிலிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசியாக ஏற்றுவார்கள். நோயாளிக்கு வலி மிகுதி, பலன் சொற்பம். 1940களின் பிற்பகுதியில் டாப்சோன் என்ற மருந்து வந்தபோது அதை இந்தியாவில் முதலில் கையாண்டவர்களில் காக்ரேனும் ஒருவர். கிருமியை அடக்க வழி பிறந்தது. ஆனால் கிருமி அடங்கிய பிறகும் மடங்கிய விரல் மடங்கியே இருந்தது. நோய் தணிந்தவர் ஊர் திரும்பினால் கையைப் பார்த்து ஊர் விரட்டியது.

1947இல் காக்ரேன் தம் இல்லத்தைப் பார்க்க ஓர் இளம் அறுவை மருத்துவரை அழைத்து வந்தார். அவர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். லண்டனில் போர்க்கால அறுவைப் பயிற்சி பெற்று, முந்தைய ஆண்டுதான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார். மரத்துப்போன, மடங்கிய கைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த பிராண்ட், ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போனதாகக் கருதப்பட்ட அந்தக் கை அவரை வலியில் கத்த வைத்தது. அவ்வளவு பலம்.

பல்லாயிரம் பேர் பார்த்தும் கவனிக்காமல் போன செய்தி அந்தப் பிடிக்குள் இருந்தது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை உயிரோடு இருந்தன. செயலிழந்தவை உள்ளங்கைக்குள் இருக்கும் சிறிய தசைகள். விரலை அடிமூட்டில் வளைத்து, நுனிமூட்டுகளில் நீட்டி, ஒன்றோடொன்று ஒட்டச் செய்பவை இந்தச் சிறு தசைகள்தாம். பேனா பிடிப்பதும், சோற்றுக் கவளத்தைத் திரட்டுவதும், அறுந்த பட்டு இழையை விரல்நுனியில் முறுக்கி முடிவதும் இவற்றின் வேலை. பெரிய தசை இருந்து சிறிய தசை போனால் கை அரிவாளைப் பிடிக்கும், ஊசியைப் பிடிக்காது. சதையைத் தின்னும் நோய் இப்படிப் பொறுக்கியெடுத்து ஒன்றை விட்டு ஒன்றைத் தாக்காது. குற்றவாளி நரம்பில்தான் இருக்க வேண்டும்.

அதை உறுதிசெய்ய நரம்பை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்தாக வேண்டும். வாழ்கிறவர் உடம்பில் அது முடியாது. செங்கல்பட்டில் ஒரு நோயாளி இறந்துவிட்டதாகவும், அடக்கத்துக்கு முன் உடலை ஆராய இசைவு இருப்பதாகவும் ஒருநாள் தகவல் வந்தது. பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் வேலூரிலிருந்து காரில் விரைந்தார்கள். இந்த இரு ஊர்களுக்கும் நடுவில்தான் காஞ்சிபுரம் இருக்கிறது. இரவு முழுக்க அவர்கள் கை, கால், முகத்து நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்கள். விடியும் நேரத்தில் மொத்தமாகப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. நரம்பு முழுக்க வீங்கவில்லை. அல்னார் நரம்பு முட்டிக்குச் சற்று மேலே பருத்திருந்தது. மீடியன் நரம்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே பருத்திருந்தது. நரம்பு தசைக்குள் ஆழ்ந்து செல்லும் இடங்களில் வீக்கமே இல்லை. தோலை ஒட்டி மேலே வரும் இடங்களில் மட்டும்தான்.

காரணம் குளிர்ச்சி. தொழுநோய்க் கிருமி உடம்பின் உள்வெப்பத்தைத் தாங்கிப் பெருகாது. சற்றுக் குளிர்ந்த இடங்களில்தான் செழிக்கும். மூக்கு, காதுமடல், தோல், தோலருகே வரும் நரம்பு. வீங்கிய நரம்பு தன் உறைக்குள்ளேயே நெருக்குண்டு சாகிறது. அந்த வீக்கத்துக்குக் கீழே கிளை பெறும் தசைகள் செயலிழக்கின்றன. அதற்கு மேலேயே கிளை பெற்றுவிட்ட முன்கைத் தசைகள் தப்பிக்கின்றன. கத்தியும் முறிவும் எந்த இடங்களில் நரம்பை எட்டுகின்றனவோ, ஏறத்தாழ அதே இடங்களில்தான் கிருமியும் எட்டியிருந்தது.

பின்புறம் ஆழத்தில் ஓடும் ரேடியல் நரம்பு பெரும்பாலும் தப்பிவிடும் என்பதும் கூடவே விளங்கியது. அதுவே வைத்தியத்துக்குக் கைகொடுத்தது. ரேடியல் நரம்பால் இயங்கும் ஒரு நல்ல தசையின் நாணைப் பிரித்து, நான்கு இழைகளாக்கி, உள்ளங்கை வழியே ஒவ்வொரு விரலுக்கும் ஓட்டித் தைத்தால், செத்த சிறு தசைகளின் வேலையை அது ஏற்றுச் செய்யும். வேலூரில் 1948 வாக்கில் முதல் கைகள் திறக்கப்பட்டன. தையல் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. அழுகும் சதை என்ற பழைய கூற்று அங்கேயே விழுந்தது. கட்டுப் பிரித்த பிறகு மூளைக்குப் புதுப்பாடம். நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை இன்று விரலை நிமிர்த்த வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி. அதன்பின் ஒரு காலைவேளையில் நோயாளி உருண்டை பிடித்துச் சாப்பிட்டார்.

நிமிர்ந்த கைக்கும் வலி தெரியாது. இதுதான் பிராண்டை அடுத்த கேள்விக்குக் கொண்டுபோனது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சில மண் குடிசைகளாக எழுந்த நவஜீவ நிலையத்தில் தங்கி, தச்சும் பொம்மைத் தொழிலும் கற்ற இளைஞர்களை அவர் அன்றாடம் கவனித்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியை முறுக்கிய சிறுவன், விரல் எலும்பு தெரியக் கிழிந்ததை அறியாமலே நின்றான். இரவில் படுத்தவர் விடிந்தெழும்போது விரல்நுனி குறைந்திருந்தது. எலி கடித்திருந்தது, வலி எழுப்பவில்லை. அதன்பின் அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களோடு பூனைகளும் போயின. விரல்களை நோய் தின்னவில்லை. சுடும் சட்டியும் சுத்தியலும் எலியும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருந்தன. பிராண்ட் தம் முறைகளை 1952இல் லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் சொற்பொழிவில் எடுத்துரைத்தார்.

வேலூரில் அவரிடம் பயின்றவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் வரலாறு தனித்து நிற்பது. 1954இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி செய்யக்கூடிய அறுவை எது என்று யோசித்தபோது கை அறுவை கிடைத்தது. நோயாளி கையை மேசைமேல் நீட்டிப் படுத்திருப்பார், மருத்துவர் அமர்ந்தே வேலை செய்யலாம். அப்படியே அவர் தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று வேலூரில் அந்தத் துறையை நிறுவினார்.

திருமணி இல்லத்தை 1955இல் மத்திய அரசு ஏற்றுத் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டு, அதே மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்து டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் ஒரு மையம் தொடங்கினார். ஆப்பிரிக்காவின் காங்கோவில் நெடுங்காலம் பணியாற்றியவர். நோயாளிகளைச் சுவருக்குள் அடைத்து வைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. குறித்த கிழமையில் குறித்த வழியில் வண்டி போகும். சாலையோர மரத்தடியில் மேசை போடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தேமலைக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு வயலுக்குத் திரும்புவார்கள். மரத்தடி மருத்துவமனை என்ற இந்த ஏற்பாட்டை அவரோடு கட்டியெழுப்பி, அவருக்குப் பின் நடத்தியவர் டாக்டர் கிளேர் வெல்லூட். வேலூரில் நிமிர்த்திய கை கெட்டுப்போன பிறகு சரிசெய்த கை. மரத்தடியில் காப்பாற்றப்பட்டது கெடாமலே தப்பிய கை. எண்ணிக்கையில் இரண்டாவதே பெரிது.

ஆயினும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் கை விழுந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒருநாள் பொத்தான் போட வரவில்லை என்பதில்தான் தெரியும். செங்கல்பட்டு நிலையத்தில் கை அறுவை மருத்துவராயிருந்த டாக்டர் எச். ஸ்ரீனிவாசனும் உடனுழைத்தவர்களும் 1982இல் இதற்கு ஓசையற்ற நரம்பு வாதம் என்று பெயரிட்டு எழுதினார்கள். புதிதாக வந்த வாதம் என்றால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்கலாம் என்றும் காட்டினார்கள். கெட்டபின் தைப்பதிலிருந்து கெடும்போதே பிடிப்பதற்கு வைத்தியம் நகர்ந்தது. அதே ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆயுள் முழுக்க விழுங்கிய மாத்திரையை ஓரிரு ஆண்டுகளுக்குள் சுருக்கியது.

2005 முடிவில் நாடு முழுமைக்கும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் இறங்கியது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் வெள்ளையர் அரசு இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. வேலூரில் தேர்ந்த தசைநாண் மாற்று முறைகள் விபத்தில் நரம்பு அறுந்த கைக்கும் போயின. இன்று வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு தொங்கும் ஓர் இளைஞருக்கு நரம்பு மீளாவிட்டால், நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து மணிக்கட்டோடு தைக்கிறார்கள். அந்த வேலையில் மருத்துவக் கைகள் தேறியதில் மடங்கிய விரல்களோடு திருமணியில் வரிசையில் நின்றவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். தேமல் குறைவாயிருந்தால் ஆறு மாதம், அதிகமிருந்தால் பன்னிரண்டு மாதம். பரிசோதனைக்கு எந்திரம் ஏதும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லிப் பேனா நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார்கள். விரல்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பார்கள். கடைசியாக முழங்கையை மடக்கச் சொல்லி, உட்புற எலும்புமேட்டின் பின்னாலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெல்ல உருட்டுவார்கள். கயிறுபோல் தடித்த நரம்பு அங்கே தட்டுப்படுகிறதா என்று தேடுவார்கள். திருமணியில் அன்று இரவெல்லாம் விழித்திருந்து கண்டுபிடித்த அதே இடம்.